ஸ்போர்ட்ஸ் காரின் இண்டிகேட்டர் பல்பை வீட்டிலேயே மாற்றலாமா?

வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் மட்டும் 'டிக் டிக்' ஒலி இரு மடங்கு வேகத்தில் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பக்கத்தில் ஒரு பல்பு போய்விட்டது என்பதற்கான வழக்கமான அறிகுறி அது. பல்பு வகை விளக்கென்றால் தாராளமாக வீட்டிலேயே மாற்றலாம், முழு எல்.ஈ.டி. விளக்கென்றால் பெரும்பாலும் விளக்குத் தொகுதியையே மாற்ற வேண்டியிருக்கும்.

முன்பக்க பல்பை எட்டுவதுதான் உண்மையான வேலை. இவ்வகைக் கார்களின் முன்பகுதி தாழ்ந்தும் நெருக்கமாகவும் இருப்பதால், பானட் வழியாகக் கை நுழையாத மாடல்களில், சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளே போகும்படி ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு, சக்கரத்துக்கு மேலுள்ள பிளாஸ்டிக் உறையின் கிளிப்புகளைக் கழற்றி, அந்த இடைவெளியில் கையை விட வேண்டும். ஹோல்டரை இடப்புறமாகத் திருப்பினால் வெளியே வந்துவிடும். பிறகு பல்பை உள்ளே அழுத்தியபடி திருப்பிக் கழற்றலாம். ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் புதிய பல்பைப் பொருத்துவது வீண்.

கடையில் பழைய பல்பையே காட்டி வாங்குங்கள். பல கார்களில் இருக்கும் 21 வாட் மஞ்சள் பல்பான பிஒய்21டபிள்யூவின் இரு ஊசிகளும் நேரெதிராக இராமல் சற்றே விலகியிருக்கும். அதே 21 வாட் வெள்ளை பல்பு அதில் பொருந்தாது. எல்.ஈ.டி. பல்பைப் போட்டாலோ, அது மிகக் குறைந்த மின்சாரத்தையே இழுப்பதால், நல்ல பல்பு இருந்தும் அதே வேகத் துடிப்பு தொடரக்கூடும்.