மருத்துவர் பதில்கள்: பீடியை விட மாத்திரை உண்டா?

கேள்வி: என் கணவருக்கு வயது 52. நாளொன்றுக்கு இரண்டு கட்டு பீடி குடிக்கிறார். காலையில் பல் துலக்கும் முன்பே பற்றவைத்துவிடுவார். மருந்துக்கடையில் வாங்கிய 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம்மை மென்றபோது விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்ததால் தூக்கி எறிந்துவிட்டார். வேறு மாத்திரை உண்டா? சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடிக்கு விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா? நானும் வீட்டில் பீடிதான் சுற்றுகிறேன்.
— வாசகி, முக்கூடல்

பதில்: பொடியை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத ஒன்றை, உண்பவருக்கே தெரியாமல் கொடுப்பது மருத்துவமாகாது.

சூயிங்கம்மை அவர் மிட்டாய்போல் விடாமல் மென்றிருப்பார் என்றே தோன்றுகிறது. நாக்கில் சுறுசுறுவென்று காரம் தெரியும் வரை மெதுவாக மென்று, பிறகு வெற்றிலையை அதக்கிக்கொள்வதுபோல் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். இப்படி ஒன்றை அரை மணி நேரம் வைத்திருக்கலாம். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகத்தான் இரத்தத்தில் சேர வேண்டும்; எச்சிலோடு விழுங்கினால் விக்கலும் எரிச்சலுமே மிஞ்சும். மெல்லுவதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி, குளிர்பானம் கூடாது.

அளவும் அவருக்குப் போதவில்லை. எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. தேவைப்படும், அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். பீடியில் தூள் கொஞ்சம்தானே என்று எண்ண வேண்டாம். இலையில் காற்றுப் புகாததால், அணையாமலிருக்க அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் சிகரெட்டுக்குக் குறையாத நிக்கோட்டின் உள்ளே போகிறது. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையை நாள்தோறும் ஒட்டிக்கொண்டு, ஆசை மீறும்போது மட்டும் சூயிங்கம் மெல்லுவது, இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தருகிறது.

மாத்திரைகளும் உண்டு. வரெனிக்ளின், மூளையில் நிக்கோட்டின் போய் அமரும் இடத்தைத் தானே பிடித்துக்கொள்வதால், ஏக்கமும் குறைகிறது, மீறிக் குடித்தாலும் பழைய சுகம் கிடைப்பதில்லை. பீடியை விடுவதற்கு ஒரு வாரம் முன்பே சிறிய அளவில் தொடங்கி, வழக்கமாக 12 வாரம் சாப்பிட வேண்டும். குமட்டல் வரக்கூடும் என்பதால் உணவுக்குப் பின் நிறையத் தண்ணீருடன் விழுங்குவது நல்லது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க நேரும். புப்ரோபியான் இன்னொன்று, வலிப்பு வந்தவர்களுக்கு அது ஆகாது. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ நெஞ்சக நோய்ப் பிரிவிலோ அவரையே நேரில் பேசச் சொல்லுங்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

பீடி சுற்றுவதை நிறுத்துங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை, அது வீட்டின் வருமானம். தட்டையும் தூளையும் மட்டும் அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முதல் மூன்று நாள்தான் ஏக்கம் மிகக் கடுமையாக இருக்கும்.

கேள்வி: வீசிங்குக்காக அப்பா பல ஆண்டுகளாகத் தியோபிலின் மாத்திரை சாப்பிடுகிறார். புகைப்பதை நிறுத்தி மூன்று வாரமாகிறது. இப்போது நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, தூக்கமில்லை. திடீரென்று விட்டதுதான் காரணம், ஒன்றிரண்டு குடிக்கட்டும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். குடிக்கலாமா?
— வாசகர், சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம். புகையிலுள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, தியோபிலினை வேகமாகச் சிதைக்க வைத்திருந்தன. புகை நின்றதும் அந்த வேகம் குறைவதால், பழைய அளவு மாத்திரையே இரத்தத்தில் மிகையாகத் தேங்கியிருக்கலாம். நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போய், புகையை விட்ட நாளைச் சொல்லுங்கள். அவர் அளவைத் திருத்துவார். வாந்தியோ வலிப்போ வந்தால் நேரே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். காபியும் இதே வழியில்தான் சிதைகிறது. அப்பா நாளுக்கு எத்தனை டம்ளர் குடிக்கிறார் என்று பார்த்து, அதைப் பாதியாக்குங்கள்.