ஸ்டேஷன் பக்கத்து வீடு ஏன் மலிவு?

தம்பி, மன்னார்குடியிலிருந்து நீ அனுப்பியதை நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து படித்தேன். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் நகர்கிற வேகத்துக்கு இரண்டு தடவை படிக்க நேரம் இருந்தது. கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டம் முடித்தபின் செய்யும் ஆராய்ச்சி வேலை, கூட மனைவி, கைக்குழந்தை. அந்தப் பக்கத்து ஊர்களை இணைக்கும் பார்ட் மெட்ரோ ரயிலின் ஸ்டேஷனை ஒட்டிய புது அடுக்குமாடியில் வாடகை அக்கம்பக்கத்தைவிட ரொம்பக் குறைவாக இருக்கிறதே, ஏமாற்று வேலையா, கார் இல்லாமல் அங்கே காலம் தள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறாய்.

அப்படிப்பட்ட வீடுகள் நிஜமாகவே உண்டு. ‘முன்பணம் அனுப்பு, சாவி கூரியரில் வரும்’ என்று எவனாவது சொன்னால் மட்டும் ஓடிவிடு.

மலிவுக்குக் காரணம் இது. ஊர்க்குளத்து மீன் குத்தகையை ஏலம் விட்டு, பணத்தைப் பொதுக் காரியத்துக்கு வைத்துக்கொள்வோமே, கலிஃபோர்னியா அதையே புகைக்குச் செய்கிறது. எண்ணெய் ஆலை, மின் நிலையம் போன்ற பெரிய இடங்கள் எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் கரிக்காற்று விடலாம் என்று ஒரு வரம்பு. வருஷா வருஷம் அது இறங்கும். விடுவதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும். கொஞ்சம் இலவசம், மீதி ஏலம். முதல் ஏலம் 2012 நவம்பரில் நடந்தது. 2014-ல் ஏல வசூலில் 20 சதவீதத்தைக் குறைந்த வாடகை வீடுகளுக்கும் அவற்றை ஒட்டிய போக்குவரத்துக்கும் என்று ஒதுக்கினார்கள். 2025-ல் பங்கீட்டை மாற்றி, ஏலத்தை 2045 வரை நீட்டியிருக்கிறார்கள். அந்த மாநிலத்துப் புகையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வண்டிகளுடையது. அதனால்தான் வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தோடேயே பஸ், சைக்கிள் பாதை, நடைபாதைக்கும் கொடுக்கிறார்கள். சில கட்டடங்களில் குடியிருப்போருக்குப் பாஸும் கிடைக்கும். எல்லா மலிவு வீடும் இந்தப் பணத்தில் எழுந்ததல்ல. மலிவு வீடு கட்டுபவர்களுக்கு அரசு தரும் வரிச்சலுகையில் கட்டியதும் நிறைய.

நான் போன புதிதில் இதெல்லாம் தெரியாது. வாடகை குறைவு என்று மலைக்கு அந்தப் பக்கம் டிரேசியில் வீடு பிடித்து, ஃப்ரீமாண்டுக்கு வேலைக்குப் போய்வந்தேன். விடியுமுன் கிளம்பினாலும் ஆல்டமாண்ட் கணவாயில் வண்டி ஊரும். வாடகையில் மிச்சம் பிடித்ததைக் கார் தவணையும் இன்சூரன்ஸும் பெட்ரோலும் தின்றன. மூத்தவள் தவழ்ந்ததை நான் வீடியோவில்தான் பார்த்தேன். அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

இந்த மலிவு வீடுகள் ‘குறைந்த வருமானம்’ உள்ளவர்களுக்கு என்று இருக்கும், அந்தச் சொல்லைக் கண்டு கூச்சப்படாதே. 2018-ல் சான் பிரான்சிஸ்கோவில் நான்கு பேர் குடும்பத்துக்கு 1,17,400 டாலர் வரைக்கும் அந்தக் கணக்கில்தான் வந்தது. போஸ்ட்டாக் சம்பளம், ஒரே சம்பாத்தியம், மூன்று தலை என்றால் நீ தகுதிக்குள் வர வாய்ப்புண்டு. முழுநேர மாணவர்கள் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு வரிச்சலுகை வீடுகளில் பெரும்பாலும் இடமில்லை. நீ மாணவன் இல்லை என்பதை வேலைக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள். வாடகையை உன் சம்பளத்தைப் பார்த்து வைக்க மாட்டார்கள், அந்த வீட்டுக்கு விதித்த வருமான வரம்பைப் பார்த்துத்தான் வைப்பார்கள்.

குலுக்கல் உண்டு, காத்திருப்பும் உண்டு. போய் இறங்கிய மாதமே கிடைத்துவிடும் என்று நம்பி மற்ற வீடு பார்க்காமல் இருந்துவிடாதே. முதல் வருஷம் சாதாரண வாடகைக்கே, ஆனால் பார்ட்டின் ஆரஞ்சு லைன் தடத்தை ஒட்டிப் பிடி. ரிச்மண்டிலிருந்து பெர்க்லி, ஃப்ரூட்வேல், ஃப்ரீமாண்ட் வழியாக பெரியெஸ்ஸா வரை ஒரே வண்டி. வீடு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

லிவர்மோர் கோயிலுக்கும் மொத்தமாக அரிசி வாங்கவும் கார் வேண்டும்தான். நம் ஆட்கள் யாராவது ஏற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். உடனே வாங்காதே.

பொங்கல் கழிந்துதான் கிளம்புகிறேன். சம்பளக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாள் வீட்டுக்கு வா, வரம்புக் கணக்கைச் சேர்ந்து பார்ப்போம். கேட்டில் மாட்டினால் இறங்கி நடந்துவிடு.