வேனுக்குள் படுத்து மலை சுற்ற: கேள்வி பதில்

குற்றாலம் சீசனுக்கும் சபரிமலை சீசனுக்கும் இருபது வருடம் வேன் ஓட்டியவன் நான். இப்போது ஒரு பழைய வேனில் கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து வீட்டம்மாவோடு சுற்றுகிறேன். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

அண்ணாச்சி, களக்காடு முண்டந்துறைக்குள் வேனை நிறுத்தி ராத்திரி தூங்கலாமா? (பாளையங்கோட்டை)

முடியாது தம்பி. அது 1988-ல் அறிவித்த புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் காப்பகம். பாபநாசம் செக்போஸ்ட்டில் பொழுது சாய்ந்தபின் விட மாட்டார்கள். உள்ளே போனவர்களும் இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும். வனத்துறை விடுதியில் அனுமதி வாங்கித் தங்குவது வேறு கதை. நான் அம்பாசமுத்திரத்திலோ விக்கிரமசிங்கபுரத்திலோ படுத்துவிட்டு, விடிந்ததும் காரையாறுக்கு ஏறுவேன். வேனில் வீடு இருக்கிறது என்பதற்காக மலையே வீடாகிவிடாது. நம் திருநெல்வேலிப் பக்கத்தில் பகலுக்கு மலை, ராத்திரிக்கு அடிவாரம். ஆடி அமாவாசைக் கூட்ட சமயம் சொரிமுத்து அய்யனார் கோவில் பக்கம் வேனோடு போகவே போகாதீர்கள்.

மாஞ்சோலைக்கு வேன் ஏறுமா?

ஏறும், ஆனால் மணிமுத்தாறு தாண்டியதும் ரோடு ஒடுங்கிவிடும். எதிரே பஸ் வந்தால் நீங்கள்தான் பின்னால் போக வேண்டும். சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் தேயிலைத் தோட்டம் போட ஒரு கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த காடு அது. அனுமதி விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகத் தென்மலை போக ஆசை. புது டிரைவர் நான். பயப்படணுமா? (கடையநல்லூர்)

பயம் வேண்டாம், பழக்கம் வேண்டும். புளியரை தாண்டி 'எஸ்' வளைவு வரும். கேரளாவுக்குக் கல்லும் மணலும் ஏற்றிய லாரிகள் அங்கே ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றை முந்த நினைக்காதீர்கள். போகும்போது ஏற்றம்தான், வண்டி முனகும், அவ்வளவுதான். ஆபத்து திரும்பி இறங்கும்போது.

என் கதையைக் கேளுங்கள். ஒரு தடவை தென்மலையிலிருந்து திரும்பும்போது, டேங்க் நிறையத் தண்ணீர், கூடவே இரண்டு பலாப்பழம். டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று டாப் கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். பாதி இறக்கத்தில் தீய்ந்த நாற்றம், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம் சூடேறினால் அதில் உராயும் லைனிங் பிடிக்காது, பிரேக் ஆயில் கொதித்தால் மிதிப்பதில் அர்த்தமே இல்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, மண் ஓரத்தில் ஒதுக்கினேன். ஒரு மணி நேரம் ஆறவிட்டோம். வீட்டம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பெரிய தண்டனை. ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிரம் விரிசல் விடும்.

சரி, பயமுறுத்தியது போதும். கழுதுருட்டி பக்கம் பதிமூன்று கண் பாலத்தில் இறங்கிப் பாருங்கள். கொல்லம் – செங்கோட்டை ரயில் 1904-ல் ஓடத் தொடங்கிய காலத்துக் கல் பாலம்.

ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வேன் ஓட்டுவது எப்படி?

மலை ஏற்றமே இல்லை. காற்றுதான் விஷயம். முப்பந்தலில் அத்தனை காற்றாலை சும்மாவா நிற்கிறது? ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, உயரமான வேன் பக்கவாட்டில் நகரும். மெதுவாகப் போங்கள்.

காட்டு ஓரத்தில் சமைக்கலாமா, அண்ணே? (சுரண்டை)

காப்பகத்துக்குள் தீ மூட்டினால் வழக்கு, தங்கச்சி. கீழேயே புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். இட்லி மாவு மட்டும் வேண்டாம், வளைவுக்கு வளைவு பொங்கி மெத்தையெல்லாம் மாவாகும். ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு உள்ளே வரும். பாபநாசத்தில் எங்கள் சீனி டப்பா அப்படித்தான் போனது.

கட்டில், அலமாரி வைத்தால் ஆர்.சி.யில் மாற்றணுமா?

வண்டியின் அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அனுமதி வேண்டும். வேலையைத் தொடங்குமுன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள், முடித்தபின் அல்ல. மஞ்சள் போர்டு வண்டி என்றால் கேரளா பெர்மிட்டும் பாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஜனவரி, பிப்ரவரி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் அருமை, ஆனால் குற்றாலத்தில் வேன் நிறுத்த இடம் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம். மார்கழி பிறந்தாலும் அவசரப்படாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி வெள்ளம் என்ன செய்தது என்று நாம் பார்த்தோமே.

குடும்பத்தோடு ராத்திரி எங்கே நிறுத்துவது? (வள்ளியூர்)

வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க், கோவில் திடல், கல்யாண மண்டப வாசல், எங்கேயும் கேட்டுவிட்டு. ஆற்றுப் படுகையில் மட்டும் வேண்டாம், மலையில் பெய்த மழை ராத்திரியில் வந்து சேரும். ஊருக்குள் நிறுத்தினால் யாராவது கதவைத் தட்டி "யாருவே அது?" என்பார்கள். கோபப்படாமல் ஊர் பேரைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்த கேள்வி "சாப்பிட்டாச்சா?" என்றுதான் இருக்கும்.