அப்பாவுக்கு ஐபோனா, ஆண்ட்ராய்டா? பேச எந்தச் செயலி?

கேள்வி: நான் திருச்சியில் இருக்கிறேன். அப்பாவும் (71) அம்மாவும் (66) கும்பகோணத்தில். இருவருக்கும் சேர்த்து ஒரே ஆண்ட்ராய்டு போன், 2019-இல் வாங்கியது, பிஎஸ்என்எல் சிம். நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன், "என் ஐபோன் 14-ஐ அனுப்புகிறேன், எல்லாரும் ஐபோனின் வீடியோ அழைப்பான ஃபேஸ்டைமில் பேசலாம்" என்கிறார். தம்பி துபாயில். வாட்ஸ்ஆப்பில் அவனுக்குச் செய்தி போகிறது, பேசத்தான் முடியவில்லை. போட்டிம் என்ற செயலியைப் போடச் சொல்கிறான். ஒன்பதாவது படிக்கும் என் மகள் சிக்னல் செயலிக்கு மாறச் சொல்கிறாள். மாமனார் அரட்டை செயலியைப் பரிந்துரைக்கிறார். அம்மா மட்டும், "எனக்கு ஒரே ஒரு ஆப் போதும்டி, சாமி" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். என்ன செய்வது? (வாசகி, திருச்சி)

பதில்: அம்மா சொல்வதுதான் சரி. பெற்றோருக்குப் புதிய ஆண்ட்ராய்டு போன் ஒன்று வாங்குங்கள். வாட்ஸ்ஆப் அப்படியே இருக்கட்டும். தம்பியோடு முகம் பார்த்துப் பேச மட்டும் கூகுள் மீட். அவ்வளவுதான்.

எது உயர்ந்த போன் என்று பார்த்தால் அண்ணன் அனுப்புவதுதான், சந்தேகமில்லை. ஆனால் வயதானவர்களுக்குப் போன் வாங்கும்போது நான் முதலில் கேட்பது, கோளாறு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்யப்போவது யார் என்பதைத்தான். உங்கள் வீட்டில் அது நீங்கள். அப்பா போன் செய்து, "என்னமோ மேலே ஒரு அம்புக்குறி வந்திருக்கு, போகமாட்டேங்குது" என்பார். உங்கள் கையிலும் அதே மாதிரி போன் இருந்தால், "ஓரத்திலிருந்து இழுங்கப்பா" என்று சொல்லிவிடலாம். அண்ணனைக் கேட்கலாமென்றால் நியூஜெர்சியில் அப்போது நடு இரவாக இருக்கும். நீங்கள் ஐபோன்காரராக இருந்தால் இந்தப் பதிலே மாறியிருக்கும்; தாராளமாக ஐபோன் கொடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அண்ணனின் போனில் இன்னும் சில சிக்கல்கள் உண்டு. அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-இலிருந்து சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிவாகும் இசிம் மட்டும்தான். பிஎஸ்என்எல் தமிழ்நாட்டில் 2025-இல் இசிம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. அதனால் முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்பாவின் எண்ணை இசிம்மாக்கிய பிறகு அந்தப் போன் ஒரு நாள் கீழே விழுந்து உடைந்தால், சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டுச் சமாளிக்க வழியில்லை. வங்கி ஓடிபி, கேஸ் புக்கிங், யுபிஐ எல்லாம் அந்த எண்ணில்தானே இருக்கும்? இன்னொன்று, அமெரிக்காவில் தவணையில் வாங்கிய போன் பெரும்பாலும் அந்தத் தொலைபேசி நிறுவனத்தோடு பூட்டப்பட்டிருக்கும். அனுப்பும் முன் செட்டிங்ஸில் ஜெனரல், அதில் அபவுட் என்று போய், கேரியர் லாக் என்ற வரியைப் பார்க்கச் சொல்லுங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருந்தால்தான் இங்கே எந்த சிம்மும் வேலை செய்யும்.

பழைய வாட்ஸ்ஆப் உரையாடல்கள் வேறு இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் எடுத்த பேக்கப் கூகுள் கணக்கில் போய் உட்காரும். ஐபோன் அதைப் படிக்காது. 'மூவ் டு ஐஓஎஸ்' என்ற செயலி வழியாக மாற்றலாம், 2022-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. ஆனால் ஐபோன் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில், எதுவும் அமைக்கப்படாமல் இருக்க வேண்டும். அண்ணன் ஆசையாக எல்லாம் அமைத்து அனுப்பினால், இங்கே அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அண்ணன் மனது கோணக்கூடாது என்றால் ஒரு வழி சொல்கிறேன். அந்த ஐபோன் வரட்டும், சிம் வேண்டாம். வீட்டில் வைஃபை இருந்தால் ஓர் ஆப்பிள் கணக்கை மட்டும் வைத்தே ஃபேஸ்டைம் பேசலாம். கூடத்தில் ஒரு ஸ்டாண்டில் நிற்கட்டும். அண்ணன் கூப்பிட்டால் அதில் பேசட்டும். அதுகூட வேண்டாமென்றால், அண்ணன் தன் போனிலிருந்து ஃபேஸ்டைம் இணைப்பை அனுப்பினாலே ஆண்ட்ராய்டு போனில் குரோம் வழியாக அம்மா சேர்ந்துகொள்ளலாம். 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் இது உண்டு. ஐபோன் வைத்திருக்கும் பலருக்கே இது தெரியாது.

ஃபேஸ்டைம் குடும்பத்துக்கே பொதுவாக ஆகாததற்குக் காரணம் துபாய். ஐக்கிய அரபு அமீரகத்தில் இணையம் வழியாகப் பேசும் சேவைக்கு அரசின் அனுமதி வேண்டும். வாட்ஸ்ஆப்பில் எழுத்தும் குரல்பதிவும் படமும் போகும், அழைப்பு போகாது. ஃபேஸ்டைமுக்கும் அங்கே நீண்ட காலமாகவே தடை. போட்டிம், ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், கூகுள் மீட் போன்றவை அனுமதிப் பட்டியலில் உள்ளவை. தம்பி சொல்லும் போட்டிம் தவறில்லை, அங்கே இருக்கும் பலர் வீட்டுக்குப் பேசுவது அதில்தான். ஆனால் அதற்காக அம்மா புதிதாக ஒரு கணக்குத் தொடங்கிப் பழக வேண்டும். மீட் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் வாங்கும்போதே இருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் கூகுள் கணக்கில் மீட் இணைப்பு ஒன்றை உருவாக்கி, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவின் விவரக் குறிப்பில் ஒட்டிவையுங்கள். வெள்ளிக்கிழமை இத்தனை மணி என்று நேரம் முடிவு செய்துகொண்டால், அம்மா குழுவைத் திறந்து மேலே பெயரைத் தொட்டு அந்த இணைப்பை அழுத்தினால் போதும். இருவர் பேசினால் நேரக் கவலை இல்லை. மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் இலவசக் கணக்கில் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். மறுபடி அதே இணைப்பில் நுழையலாம்.

தம்பியின் நண்பர்கள் யாராவது, இருக்கும் இடத்தை மறைத்து இணையத்தில் நுழைய வைக்கும் விபிஎன் போட்டுக்கொள் என்று யோசனை சொல்லியிருப்பார்கள். வேண்டாம். தடை செய்யப்பட்டதை அடைய விபிஎன்னைப் பயன்படுத்துவது அங்கே சட்டப்படி குற்றம். அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்குகிறது. அம்மாவோடு வீடியோவில் பேச அந்த வம்பு எதற்கு?

தம்பியிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அவர் வாட்ஸ்ஆப் எந்த எண்ணில் ஓடுகிறது? வெளிநாடு போன பிறகும் இந்திய எண்ணிலேயே வாட்ஸ்ஆப் வைத்திருப்பவர்கள் ஏராளம். சிம் எங்கோ பர்சில் கிடக்கும், ரீசார்ஜும் நின்றுபோயிருக்கும். 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டால் இங்கே எண்ணைத் துண்டிக்கலாம். அதன் பிறகு சில மாதங்களில் அது வேறொருவர் கைக்குப் போய்விடலாம். புது ஆள் அந்த எண்ணில் வாட்ஸ்ஆப் தொடங்கினால் உங்கள் தம்பி வெளியேற்றப்படுவார். போதாததற்கு, 2025 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை, பதிவு செய்த சிம் அந்தப் போனிலேயே இருந்தால்தான் இத்தகைய செயலிகள் இயங்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஒன்று, இந்திய சிம்மை உயிரோடு வைத்து இரண்டாவது சிம்மாகப் போனிலேயே போடட்டும். இல்லையென்றால் வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில் 'எண்ணை மாற்று' என்பதை வைத்து அமீரக எண்ணுக்கு மாறட்டும். குழுக்கள் எதுவும் போகாது.

அடுத்து, மகளும் மாமனாரும் சொல்வது. மகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிக்னலை நடத்துவது லாப நோக்கமில்லாத அறக்கட்டளை. விளம்பரம் இல்லை, நம்மைப் பற்றிச் சேர்த்து வைப்பதும் மிகக் குறைவு. வாட்ஸ்ஆப்பின் நிறுவனர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் அதை விட்டு வெளியேறிய பிறகு 2018-இல் 5 கோடி டாலர் கொடுத்துத் தொடங்க உதவிய அமைப்பு அது. அதே சமயம், இரு முனையிலும் பூட்டிச் செய்தியை அனுப்பும் சிக்னலின் முறையைத்தான் 2016 முதல் வாட்ஸ்ஆப்பும் பயன்படுத்துகிறது. செய்தியின் உள்ளடக்கத்தை நடுவில் நிறுவனம் படிக்க முடியாது. யாரிடம், எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசுகிறோம் என்பது வாட்ஸ்ஆப்பின் உரிமையாளரான மெட்டாவுக்குத் தெரியும். உறுத்த வேண்டிய இடம் அதுதான். நீங்களும் மகளும் உங்களுக்குள் சிக்னல் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல பழக்கம். ஆனால் அம்மாவின் உலகம் சித்தி, அத்தை, கோயில் குழு, தெருக் குழு, பால்காரர். அவர்கள் யாரும் சிக்னலுக்கு வரப்போவதில்லை. வராத இடத்தில் அம்மா மட்டும் போய் என்ன செய்வார்?

அரட்டை, ஜோஹோ 2021-இல் கொண்டுவந்தது. 2025 செப்டம்பர், அக்டோபரில் திடீரென்று கூட்டம் அலைமோதியது. அப்போது அழைப்புகளுக்கு மட்டும்தான் முழுப் பூட்டு இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு அது அதற்குப் பிறகுதான் வரத் தொடங்கியது. நம்மூர் நிறுவனம் என்பதில் எனக்கும் பெருமைதான். மாமனாரோடு பேச உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராமைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. அதில் சாதாரண உரையாடலும் குழுக்களும் இரு முனைப் பூட்டு இல்லாதவை. 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' மோசடிக்காரர்களுக்கும் அது வசதியான இடம். பெற்றோர் போனில் தேவையில்லை.

ஆண்ட்ராய்டு என்று சொல்லிவிட்டு அதன் ஓட்டையை மறைக்கக் கூடாது. ஒரு சம்பவத்தை நினைத்துப் பாருங்கள்: தெரிந்த உறவினர் எண்ணிலிருந்து வாட்ஸ்ஆப்பில் கல்யாணப் பத்திரிகை வருகிறது. கோப்பின் பெயர் முடியும் இடத்தில் பிடிஎஃப்புக்குப் பதிலாக 'ஏபிகே' என்று இருக்கிறது. அப்பா எதற்குப் பார்க்கிறார்? கண்ணாடியைத் தேடாமலே தொடுவார். அது ஒரு செயலி. உள்ளே நுழைந்து குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியை வாங்கிவிட்டால், ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போகும். அடுத்து அப்பாவின் எண்ணிலிருந்தே எல்லாருக்கும் அந்தப் பத்திரிகை போகும். போக்குவரத்து அபராதம், பிஎம் கிசான் என்று வேறு பெயர்களிலும் இதே கோப்பு சுற்றுகிறது. ஐபோனில் இந்த ஏபிகே வேலையே செய்யாது. அண்ணன் பக்கம் இருக்கும் வலுவான வாதம் இதுதான்.

ஆண்ட்ராய்டில் இதை அடைக்க முடியும், ஆனால் நீங்கள் உட்கார்ந்து செய்ய வேண்டும். செட்டிங்ஸில் மேலே இருக்கும் தேடலில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்று போட்டால் ஒரு பட்டியல் வரும். அதில் வாட்ஸ்ஆப், குரோம், ஃபைல்ஸ் எல்லாவற்றுக்கும் அனுமதி மறுக்கப்பட்டிருக்க வேண்டும். சாம்சங் என்றால் 'ஆட்டோ பிளாக்கர்' என்று ஒன்று இருக்கும். அதை இயக்கிவிட்டால் பிளே ஸ்டோர் போன்ற அங்கீகரிக்கப்பட்ட கடைகளுக்கு வெளியிலிருந்து எதுவும் நுழையாது.

அப்புறம் வாட்ஸ்ஆப்புக்குள். தனியுரிமைப் பகுதியில் குழுவில் சேர்ப்பதை 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். தெரியாத எண் அழைப்புகளை ஒலிக்காமல் செய்யும் வசதியை இயக்குங்கள். சிபிஐ அதிகாரி வேடத்தில் வீடியோவில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுபவர்கள் முதலில் வருவது இந்த வழியில்தான். இரண்டடுக்குச் சரிபார்ப்பில் ஆறு இலக்க பின் ஒன்று வையுங்கள், மீட்பு மின்னஞ்சலாக உங்களுடையதைக் கொடுங்கள். 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கணினி எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கடைசி வேலையை மட்டும் ஒருமுறை செய்யுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்; அந்த எண்ணை அவர்கள் போனில் 'அவசரம்' என்றே சேமித்துவிடுங்கள்.

எந்த போன் வாங்குவது? கேமராவையும் ராமையும் விட்டுவிட்டு, எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள் என்று கேளுங்கள். 2019-இல் வாங்கிய போனை மாற்றச் சொல்வதே அதனால்தான்: ஆண்ட்ராய்டு 12-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் கூகுள் பாதுகாப்புத் திருத்தங்களை 2025-இல் நிறுத்திவிட்டது. வாட்ஸ்ஆப் ஓடும், வங்கிச் செயலி எத்தனை நாள் ஓடுமென்று சொல்ல முடியாது. சாம்சங்கின் கேலக்ஸி ஏ வரிசையில் ஏ16, ஏ17 5ஜி போன்களுக்கு ஆறு ஆண்டு அப்டேட் உண்டு. அந்தக் கணக்கு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்கும் என்றாலும், இன்னும் சில ஆண்டுகளுக்கு மறுபடி யோசிக்க வேண்டாம். நினைவகம் 128 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள்.

வாங்கியதும் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக் பொத்தானை அம்மாவுக்குக் காட்டுங்கள். தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். எழுத வராததால் குரல்பதிவு மட்டுமே அனுப்பிக்கொண்டிருப்பவர்கள், இது தெரிந்ததும் நம்மைவிட நீளமாக எழுத ஆரம்பிப்பார்கள். அதற்கும் தயாராக இருங்கள். காலை வணக்கப் படங்கள் கேலரியை நிரப்பாமல் இருக்க, வாட்ஸ்ஆப்பில் 'மீடியா விசிபிலிட்டி'யை அணைத்து, தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள். பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்க வேண்டாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியில்தான் இப்போது வாட்ஸ்ஆப் பேக்கப்பும் வருகிறது. அது நிரம்பினால் அந்தக் கணக்கின் ஜிமெயிலும் நின்றுவிடும்.

பழைய போனை உடனே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். சிம்மைப் புதிய போனில் போட்டு, பேக்கப்பை இறக்கி, யுபிஐ மறுபடி பதிவாகி, அப்பா ஒரு முறை தன் கையால் பணம் அனுப்பிப் பார்க்கும்வரை பழையது அலமாரியிலேயே இருக்கட்டும்.