டை கடித்தால் கைப்பலம் காட்டாதீர்கள்

கருங்கல் ஊர்ப் பக்கத்து வாசகர் ஒருவர், அமெரிக்கக் குடியுரிமை பெற்று பென்சில்வேனியாவில் இருக்கிறார். வார இறுதியில் இலக்கு சுடும் பழக்கம் உண்டு. தன் .308 வின்செஸ்டர் துப்பாக்கிக்கு, சுட்டு முடித்த பித்தளை உறைகளை, பிரஸ் என்னும் கைப்பிடி இயந்திரத்தால் டை என்னும் எஃகு அச்சுக்குள் ஏற்றி அளவுக்குக் கொண்டுவந்து, தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்கிறார். அவர் கேட்கிறார்: “முன்பெல்லாம் ஒரு கையால் இறங்கிய பிரஸ் கைப்பிடி, குளிர்காலம் வந்ததும் இரண்டு கையாலும் தொங்கினால்தான் இறங்குகிறது. இரண்டு உறைகள் டைக்குள்ளேயே சிக்கிவிட்டன. அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெயைத்தான் தடவுகிறேன். உறைகள் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி மைதானத்தில், வாங்கிய பழையவை. டையை மாற்ற வேண்டுமா?”

மாற்ற வேண்டாம் தம்பி. டையின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எண்ணெய் மேல்தான் வருகிறது.

நான் ராணுவத்தில் ஆயுதப் பழுது பார்த்தவன். ராணுவத்தின் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி சுடும் 7.62 நேட்டோ தோட்டாவும் உங்கள் .308-உம் ஏறக்குறைய ஒரே உருவம்தான். ஆனால் அங்கே வெற்று உறையை எண்ணி ஒப்படைப்பதோடு சரி. ரீலோடிங், அதாவது உறையில் மறுபடி தோட்டா நிரப்புவது, கற்றது ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டில் ஒரு துப்பாக்கிப் பட்டறையில் சில வருடம் இருந்தபோது. இப்போது தக்கலையில் லேத் பட்டறை. இதைப் படிக்கும் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி உரிமம் இருந்தாலும் அது தோட்டா தயாரிக்கும் உரிமம் ஆகாது. கேள்வி பென்சில்வேனியாவுக்கு உரியது, பதிலும் அப்படியே.

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியில் உறைந்துவிடும். நம் ஊரில் மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாது, அங்கே கராஜில் கேட்கவே வேண்டாம். உறைந்தது திட்டுத் திட்டாக ஒட்டும், இடையில் வெறும் பித்தளை நிற்கும். இளகி இருந்தாலும் அது போதாது. டைக்குள் வரும் அழுத்தத்தில் சமையல் எண்ணெயின் படலம் கிழிந்துபோகும், பித்தளை இரும்பை நேரடியாக உரசும். உரசின இடத்தில் டைச் சுவரில் பித்தளைத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும், அடுத்து வரும் ஒவ்வொரு உறையையும் அது கீறும். வடசேரியில் நகைக்குக் கம்பி இழுப்பவர்கள் அச்சில் எண்ணெய் ஊற்றாமல் மெழுகு தடவுவதும் இதற்காகத்தான். அழுத்தத்தில் விலகாத ஒன்று வேண்டும். உங்களுக்கு அது லானோலின், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. ஆல்கஹாலில் கரைத்த ஸ்ப்ரேயாக வாங்கினால், அடித்து ஐந்து நிமிடமாவது காயவிடுங்கள். ஆல்கஹால் ஆவியாகும் முன் டையில் ஏற்றினால் தடவாததற்குச் சமம். அதற்காக அள்ளிப் பூசவும் கூடாது, மிஞ்சியது உறையின் தோளில் (உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவில்) தேங்கிப் பித்தளையில் குழி விழும்.

லூப்ரிகன்ட்டை (வழவழப்புக்குத் தடவுவதை) மாற்றுமுன் டையைக் கழற்றி, கரைப்பானில் துடைத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உறையின் உடம்பில் நீளவாக்கில் கீறல் இருந்தால் டையில் துணுக்கு ஒட்டியிருக்கிறது. பாலிஷ் போட்டால் போகும்.

அப்புறமும் இறுகுகிறதா? எங்கே இறுகுகிறது என்பதைக் கையால் கவனியுங்கள். அதுவே பாதி நோயைச் சொல்லிவிடும். கைப்பிடியை இறக்கும்போது ஆரம்பம் முதலே இறுக்கம் என்றால் லூப்ரிகன்ட், இல்லாவிட்டால் டை அழுக்கு. கடைசி ஒரு சென்டிமீட்டரில் மட்டும் என்றால், உறையின் அடிப்பகுதி வீங்கியிருக்கிறது. ரேஞ்சில் வாங்கிய உறை யாருடைய துப்பாக்கியில் வெடித்ததோ! சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) அகலமான துப்பாக்கியில் சுட்டிருந்தால் அடிப்பகுதி நன்றாகவே உப்பியிருக்கும். ராணுவ உறைகளுக்குச் சுவரும் தடிமன். விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் மேலே காலிப்பர் வைத்துப் பாருங்கள். தோட்டாவுக்கு அங்கே உச்ச அளவு 0.4709 அங்குலம், அதாவது 11.96 மில்லிமீட்டர். டையில் ஏற்றி எடுத்த பிறகும் அதைத் தாண்டினால், அடிப்பகுதியை இன்னும் ஒடுக்கும் ஸ்மால் பேஸ் டை தேவைப்படலாம், அல்லது அந்த உறைகளைக் கழித்துவிடலாம். நான் கழிப்பேன்.

கைப்பிடியைத் திரும்பத் தூக்கும்போது இறுகி, கீச்சென்று சத்தம் வருகிறதா? அது உறையின் கழுத்துக்குள், டையின் நடுத்தண்டில் கோத்த உருண்டை இழுபடும் சத்தம். கழுத்தின் உள்ளே கொஞ்சம் லானோலினோ கிராஃபைட்டோ தொட்டுவிடுங்கள். உறைகளை ஸ்டீல் ஊசி போட்டுத் தண்ணீரில் கழுவியவர்களுக்கு இது அடிக்கடி வரும். உள்ளே வழவழப்புத் தந்த கரி முழுக்கப் போய்விடுகிறது.

இறுக்கமாக இருக்கிறதே என்று டையை இன்னும் கீழே திருகாதீர்கள். தோள் அதிகம் பின்னால் போனால், சுடும்போது உறை அடிப்பக்கத்தில் கிழியும். உங்கள் துப்பாக்கியில் சுட்ட உறையை அளந்து, தோளை 0.05 மில்லிமீட்டர் மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும்.

பலமுறை சுட்ட பித்தளை விறைத்துப்போகும், சூடாக்கி இளக்கலாம் என்று சொல்வார்கள். சரிதான். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த உலோகம் அது, அடித்தால் இறுகும், காய்ச்சினால் இளகும். ஆனால் ஆசாரி கம்பியை முழுக்கக் காய்ச்சுகிற மாதிரி உறையை முழுக்கக் காய்ச்சிவிடக் கூடாது. கழுத்தும் தோளும் மட்டும்தான். அடிப்பகுதி இளகிவிட்டால் வெடிப்பின் அழுத்தத்தை அதனால் தாங்க முடியாது, சூடான வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும். அப்படிச் சூடேறிய உறையை நசுக்கிக் குப்பையில் போடுங்கள்.

சிக்கிய இரண்டு உறைகளைச் சுத்தியலால் தட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உருண்டை கோத்த தண்டை முடிந்தவரை மேலே தூக்குங்கள். பிரைமர் (உறையின் அடியில் இருக்கும், அடிபட்டால் வெடிக்கும் சிறு மூடி) வெளியே போய்விட்டதா என்று உறுதி செய்துகொண்டு, உறையின் அடியில் பிரைமர் குழி வழியாகத் துளையிட்டு, கால் அங்குல டேப்பால் மரை வெட்டுங்கள். டைவாயின் மேல் குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்தி, வாஷர் வைத்து, போல்ட்டை முறுக்குங்கள். உறை மெல்ல வெளியே வரும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.