விடுமுறைக் கோடிங், ரோபாட்டிக்ஸ் வகுப்புகள்: பணம் கட்டும் முன்பும் கட்டிய பின்பும்

கோடை விடுமுறை நெருங்கும்போது பிள்ளைகளுக்கான கோடிங், ரோபாட்டிக்ஸ் வகுப்புகளைப் பற்றிப் பெற்றோர் அனுப்பும் கேள்விகள் பெருகுகின்றன. அவற்றுள் நான்கிற்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: என் மகன் ஐந்தாம் வகுப்பையும் மகள் எட்டாம் வகுப்பையும் முடிக்கிறார்கள். எங்கள் பகுதியிலுள்ள பயிற்சி மையம் ஒன்று 20 நாள் ரோபாட்டிக்ஸ் முகாமுக்கு, கிட் (ரோபோ செய்வதற்கான பாகங்களின் தொகுப்பு) உட்பட, ஒருவருக்கு ரூ.9,500 கேட்கிறது. தினமும் ஒன்றரை மணி நேர வகுப்பு. வேறொரு நிறுவனம் இருவருக்கும் இணையவழியில் பைத்தான் கற்றுத் தருவதாகச் சொல்கிறது. எதில் சேர்ப்பது?
(ஒரு தாயார், திருப்பூர்)

பதில்: உங்கள் இரு பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்க்க வேண்டாம். பைத்தான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து எழுதப்படும் கணினி மொழி. ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும், வரியின் தொடக்கத்தில் விட வேண்டிய இடைவெளி மாறினாலும் நிரல் (கணினிக்கு நாம் எழுதித் தரும் கட்டளைகள்) ஓடாது. விசைப்பலகையில் எழுத்தைத் தேடி அடிக்கும் வயதில் உள்ள உங்கள் மகனுக்குப் பாதி வகுப்பு பிழை திருத்துவதிலேயே போய்விடும். அவனுக்கு ஏற்றது ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவாகி 2007இல் வெளியான இது, 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. வண்ணக் கட்டங்களை இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் நிரல் உருவாகிவிடும் என்பதால், எழுத்துப் பிழைக்கு இடமில்லாமல் பிள்ளையின் கவனம் முழுவதும் 'அடுத்து என்ன நடக்க வேண்டும்' என்பதில் நிற்கும். மென்பொருள் முற்றிலும் இலவசம். ஆகவே ஸ்கிராட்ச் வகுப்புக்கு நீங்கள் கொடுக்கும் பணம் ஆசிரியரின் நேரத்திற்கு மட்டுமே. அந்த ஆசிரியர் யார் என்று தெரியாமல் கட்டணத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

உங்கள் மகளுக்குப் பைத்தான் பொருந்தும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலே பைத்தானைக் கற்பிக்கிறது. அந்தப் பிரிவை அவள் பின்னாளில் தேர்ந்தெடுக்காவிட்டாலும், எட்டாம் வகுப்பில் பெறும் அறிமுகம் வீணாகாது.

இனி ரோபாட்டிக்ஸ் முகாமைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 நாள், தினம் ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் 30 மணி நேரம். இத்தகைய முகாம்களில் பெரும்பாலும் தரப்படுவது நிரலை ஏற்று மற்றப் பாகங்களை இயக்கும் ஓர் ஆர்டுயினோ வகை மின்சுற்றுப் பலகை, தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், இரண்டு சிறு மோட்டார்கள், அவற்றை இயக்கும் டிரைவர் பலகை, சக்கரங்கள், வயர்கள் ஆகியவைதாம். ஆர்டுயினோவின் வடிவமைப்பு யாரும் தயாரித்துக்கொள்ளும்படி வெளிப்படையாக விடப்பட்டது. அதனால் இந்தப் பொருள்கள் அனைத்தும் சேர்ந்தே சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடைகளிலோ பெரும்பாலும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். அவ்வாறாயின் மீதி எட்டாயிரம் ரூபாய் 30 மணி நேரப் பயிற்சிக்கானது. மணிக்கு ஏறக்குறைய 267 ரூபாய். இது நியாயமா என்பது ஒரு கிட்டைச் சுற்றி எத்தனை பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கட்டணத்தில் கிட் அடங்கும் என்று சொல்லிவிட்டு, வகுப்பில் நான்கு பேருக்கு ஒன்றாகக் கொடுத்து, கடைசி நாளில் அதையும் திரும்ப வாங்கிக்கொள்ளும் மையங்கள் உண்டு. நால்வர் பங்கிட்டால் உங்கள் பிள்ளையின் கை பொருளில் படும் நேரம் ஏழரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். கிட் வீட்டுக்கு வருமா, ஒரு பிள்ளைக்கு ஒரு கிட்டா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டெமோ வகுப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அதை நடத்துபவர் அந்த மையத்திலேயே மிகச் சிறந்த ஆசிரியராக இருப்பார். உங்கள் பிள்ளைக்குப் பாடம் எடுக்கப்போவது வேறொருவராக இருக்கலாம். நடந்துகொண்டிருக்கும் சாதாரண வகுப்பு ஒன்றில் பத்து நிமிடம் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மௌஸ் பிள்ளையின் கையில் இருக்கிறதா, ஆசிரியரின் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாகங்களைப் பொருத்திப் பிள்ளை செய்த சிறு வண்டி ஓடாதபோது ஆசிரியர் தாமே வயரை மாற்றிக் குத்திவிட்டு அடுத்த மேசைக்கு நகர்கிறாரா, 'எந்த வயர் கழன்றிருக்கும்?' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். நான் கேட்கச் சொல்வது இன்னொன்றும் உண்டு. சில நாள் வகுப்புக்கு வந்த ஒரு பிள்ளையிடம், அவனுடைய வண்டி எத்தனை சென்டிமீட்டரில் தடையைக் கண்டு நிற்கிறது என்று கேளுங்கள். 20 என்று சொன்னால், அதை 40 ஆக்கிக் காட்டச் சொல்லுங்கள். நிரலில் மாற்ற வேண்டிய இடத்தை அவன் தானாகவே கண்டுபிடித்தால் அங்கே கற்பித்தல் நடக்கிறது. ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தால், அங்கே பொருத்திக் காட்டுவது மட்டுமே நடக்கிறது.

மின்கலத்தையும் கவனியுங்கள். பல மலிவான கிட்களில் 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்றைத் தந்துவிடுகிறார்கள். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அது அதிக நேரம் தாங்காது. வீட்டுக்கு வந்த வண்டி விரைவிலேயே தள்ளாடி நின்றுவிடும், பிள்ளையோ தன் நிரலில்தான் தவறு என்று எண்ணிச் சோர்ந்துபோகும். மறுபடியும் சார்ஜ் செய்யும் லித்தியம் மின்கலங்கள் தந்தால், அதற்குரிய பாதுகாப்பு சர்க்யூட்டும் சரியான சார்ஜரும் உண்டா என்று கேட்பதோடு, பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டுமே சார்ஜ் செய்ய வேண்டும் என்றும் வீட்டில் சொல்லி வையுங்கள். ஒரே நிறுவனத்தின் பாகங்களை மட்டுமே ஏற்கும் கிட்களை நான் பரிந்துரைப்பதில்லை. லெகோ பொம்மை நிறுவனத்தின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் போன்ற புகழ்பெற்ற ரோபோ கிட் வரிசையின் விற்பனையே 2022இன் இறுதியில் நிறுத்தப்பட்டது. உடைந்த பாகத்துக்கு மாற்று கிடைக்காத பொருள் பிள்ளையின் அலமாரியில் முடங்கிவிடும்.

என் முடிவைக் கேட்டால், மகனுக்கு இந்த ஆண்டு ஸ்கிராட்ச் போதும். மகளை ஒரு பிள்ளைக்கு ஒரு கிட் தரும் ரோபாட்டிக்ஸ் முகாமிலோ, ஐந்தாறு பேருக்கு மேற்படாத பைத்தான் குழுவிலோ சேர்க்கலாம். எது என்பதை அவளே சொல்லட்டும்.

கேள்வி: வகுப்பின் முடிவில் சர்வதேசச் சான்றிதழ் தருவதாகவும், பிள்ளையே உருவாக்கிய செயலியை பிளே ஸ்டோரில் வெளியிடுவதாகவும் சொல்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து கோடிங் கட்டாயமாகிவிட்டது என்றும் சொல்கிறார்கள். இவற்றுக்கு மதிப்பு உண்டா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: விடுமுறை வகுப்புச் சான்றிதழ் பிள்ளைக்கு மகிழ்ச்சி தரும், பள்ளிச் சேர்க்கையிலோ கல்லூரிச் சேர்க்கையிலோ அதற்கு மதிப்பெண் கிடையாது. பிளே ஸ்டோரில் செயலி வெளியிடும் கணக்கைத் தொடங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும், 25 டாலர் கட்டணமும் கட்ட வேண்டும். ஆகவே அந்தச் செயலி மையத்தின் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோதான் வெளியாகும். ஒரே அச்சில் வார்த்த செயலியில் பெயரையும் நிறத்தையும் மாற்றி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்றாக வெளியிடுவதும் எளிது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புகளில் கோடிங் செயல்பாடுகளைப் பற்றிப் பேசுவது உண்மை. அது ஒரு கொள்கை ஆவணம். உங்கள் பிள்ளை வெளியே பணம் கட்டிக் கற்க வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. அதே 2020இல், பிள்ளைகளுக்கு இணையவழியில் கோடிங் கற்பித்த ஒயிட்ஹேட் ஜூனியர் நிறுவனத்தின் விளம்பரங்கள் சிலவற்றைத் திரும்பப் பெறும்படி இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு கேட்டுக்கொண்டதை நினைவில் வையுங்கள். பெற்றோரின் அச்சத்தைத் தூண்டி விற்கப்படும் எதையும் அன்றே வாங்காமல் ஒரு வாரம் தள்ளிப் போடுவது நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் கணினி இல்லை, கைபேசி மட்டுமே உண்டு. மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். செலவில்லாமல் கற்க வழி உண்டா?
(ஒரு தந்தையார், தென்காசி)

பதில்: உண்டு. பிபிசி நிறுவனம் 2016இல் பிரிட்டன் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய மைக்ரோபிட் என்ற சிறு மின்சுற்றுப் பலகைக்கு, கட்டங்களைப் பொருத்தி நிரல் எழுத உதவும் மேக்கோடு தளம் உலாவியிலேயே (பிரவுசர்) இயங்கும். பலகை கையில் இல்லாவிட்டாலும், எழுதிய நிரல் திரையில் தெரியும் மாதிரிப் பலகையில் ஓடிக் காட்டும். கைபேசியின் சிறிய திரையில் சிரமம் இருந்தாலும் தொடங்குவதற்கு அது போதும். பைத்தானைக் கைபேசியில் தொடங்க வேண்டாம். தட்டச்சின் தொல்லையே பிள்ளையை விரட்டிவிடும்.

உறவிலோ அண்டை வீட்டிலோ அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினி சும்மா இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஸ்கிராட்சை ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் அதில் ஓடும். உங்கள் வட்டாரத்தில் அடல் டிங்கரிங் ஆய்வகம் (மாணவர்கள் கருவிகளைத் தாமே செய்து பழக மத்திய அரசு உதவியில் அமைந்த ஆய்வகம்) உள்ள பள்ளி எது என்றும், மகளின் பள்ளிக்கு அருகிலுள்ள உயர்நிலை அல்லது மேல்நிலைப் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தை விடுமுறையில் சில நாள் திறக்க முடியுமா என்றும் தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள். நான்கைந்து பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேட்டால் அதற்கு எடை கூடும். பொதுப் பணத்தில் வாங்கிய அந்தக் கருவிகள் நம் பிள்ளைகளுக்கானவை. கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: டெமோ வகுப்பு முடிந்ததும் விற்பனைப் பிரதிநிதி தொடர்ந்து பேசி, ஓராண்டு இணையவழிக் கோடிங் வகுப்பில் மகனைச் சேர்த்துவிட்டார். கட்டணம் ரூ.60,000, மாதத் தவணையில் கட்டுகிறேன். இரண்டு மாதத்தில் மூன்று ஆசிரியர்கள் மாறிவிட்டார்கள். பல வகுப்புகள் நடக்கவே இல்லை. விலக வேண்டும் என்றால், பணம் திரும்பத் தரப்படாது என்று விதி இருப்பதாகச் சொல்கிறார்கள். தவணையை நிறுத்திவிடலாமா?
(ஒரு தந்தையார், திருச்சி)

பதில்: உடனே நிறுத்த வேண்டாம். பெரும்பாலும் இத்தகைய தவணை, வகுப்பு நடத்தும் நிறுவனத்துக்கு நீங்கள் மாதந்தோறும் கட்டும் கட்டணமாக இராது; ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் கொடுத்து முழுத் தொகையையும் அவர்களிடம் ஏற்கெனவே செலுத்தியிருக்கும். வகுப்பை நிறுத்தினாலும் கடன் நிற்காது. தவணை தவறினால் உங்கள் கடன் மதிப்பெண் (கிரெடிட் ஸ்கோர்) இறங்கும், பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது அது உங்களைத் தடுக்கும். முதலில் கடன் ஒப்பந்தத்தையும், கடன் தருபவர் கட்டாயம் தர வேண்டிய முக்கிய விவர அறிக்கையையும் (கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்) கேட்டு வாங்கி, கடன் தந்தவர் யார், வட்டி எவ்வளவு என்று பாருங்கள். (புதிதாகச் சேர எண்ணும் பெற்றோர் கவனிக்க: ரிசர்வ் வங்கியின் விதிப்படி டிஜிட்டல் கடன்களுக்குத் தொடக்கத்தில் ஒரு சிறிய விலகல் காலம் உண்டு, அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்குரிய வட்டியையும் கட்டி, அபராதமின்றி விலகிவிடலாம்.)

அடுத்து, நடக்காத வகுப்புகளின் தேதிகள், மாறிய ஆசிரியர்கள், விற்பனைப் பிரதிநிதி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், ரசீது ஆகியவற்றைத் தொகுத்து, நடந்த வகுப்புகளுக்குரிய தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும்படி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதன் நகலைக் கடன் தந்த நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். தொலைபேசியில் தரும் வாக்குறுதியை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

'பணம் திரும்பத் தரப்படாது' என்று அச்சிட்டுவிட்டதாலேயே அது முடிந்த முடிவாகிவிடாது. குறைபாடுள்ள சேவைக்கான பணத்தை, ரசீதில் குறித்த காலத்துக்குள், அப்படிக் காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திருப்பித் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. கல்வி நிறுவனங்களுக்கு உள்ள விலக்கு பயிற்சி மையங்களுக்குப் பொருந்தாது, அவை இச்சட்டத்துக்கு உட்பட்டவையே என்று தேசிய நுகர்வோர் ஆணையமும் 2020 ஜனவரியில் ஒரு தீர்ப்பில் கூறியிருக்கிறது. ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் வழக்கின் பலம், சொன்னபடி வகுப்பு நடக்கவில்லை என்பதில் இருக்கிறது. பிள்ளைக்கு ஆர்வம் போய்விட்டது என்பது மட்டும் காரணமாக இருந்தால் சேவைக் குறைபாடு என்று நிறுவுவது கடினம். ஆகவே கடிதத்தில் அந்தக் காரணத்தை முன்வைக்காமல், நடக்காத வகுப்புகளையே முன்வையுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பேச்சுக்கு வந்துவிடும். அதிலும் தீராவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். நிறுவனத்தின் அலுவலகம் பெங்களூரிலோ மும்பையிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. நிறுவனத்துக்கு நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒப்பந்த விதியே நியாயமற்றது என்று அதை எதிர்க்க விரும்பினால் மட்டும் மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டியிருக்கும். உங்கள் வழக்குக்கு மாவட்ட ஆணையமே போதும். கடன் தந்த நிறுவனம் 30 நாட்களில் உங்கள் புகாருக்குப் பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குத் தனியாக எழுதலாம். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டு காலவரம்பு உண்டு; ஆனால் அவ்வளவு நாள் காத்திராமல், வகுப்பு நடக்காததற்கான பதிவுகள் நிறுவனத்தின் செயலியிலிருந்து மறைவதற்கு முன் இந்த வாரமே அவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.