புகார் வந்த பிறகு எச்சரிக்கைக் கடிதம் எழுதலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் 22 பேர் வேலை பார்க்கும் கிடங்கு நடத்துகிறேன். அடிக்கடி தாமதமாக வந்த ஒரு பெண் ஊழியரை நீக்கினோம். கர்ப்பமாக இருந்ததால்தான் நீக்கினார்கள் என்று அவர் ஈஈஓசி எனப்படும் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டார். அப்போது வாயால்தான் கண்டித்தோம். இப்போது அந்தத் தேதிகளைப் போட்டுக் கடிதம் எழுதிக் கோப்பில் சேர்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. கோப்பு எந்த நாளில் உருவானது என்பது கணினியிலேயே பதிந்திருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பதே அதைத்தான். ஒரு கடிதம் போலி என்று தெரிந்தால், உங்கள் உண்மையான ஆவணங்களையும் ஜூரி நம்பாது. எப்போது, யார், என்ன சொல்லிக் கண்டித்தார்கள் என்பதை மேற்பார்வையாளர் இன்றைய தேதியிட்டு, நினைவிலிருந்து எழுதுவதாகவே எழுதட்டும். அதையும் வழக்கறிஞர் சொல்லும் முறையில் எழுதுவது நல்லது.

15 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பொருந்தும் பாகுபாட்டுத் தடைக் கூட்டாட்சிச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். இந்தச் சட்டப்படி சாதாரணமாகப் பணியாளர் ஆவணங்களை ஓராண்டு வைத்திருந்தால் போதும். நீக்கப்பட்டவருடையதை நீக்கிய நாளிலிருந்து ஓராண்டு. புகார் வந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. வழக்கு முற்றாக முடியும்வரை எதையும் அழிக்கக் கூடாது. மின்னஞ்சலின் தானியங்கி அழிப்பை இன்றே நிறுத்துங்கள். மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப்பில் மறையும் செய்திகள் வசதி இருந்தால் அதையும் அணைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். யுபிஎஸ் வங்கி மீது லாரா ஸுபுலேக் தொடர்ந்த பாலினப் பாகுபாட்டு வழக்கில், அழிந்த மின்னஞ்சல்கள் வங்கிக்குப் பாதகமானவை என்று கருதிக்கொள்ளலாம் என ஜூரிக்குச் சொல்லப்பட்டது. 2005இல் தீர்ப்பு சுமார் 2.9 கோடி டாலர்.

அடுத்து வருகைப் பதிவு. மேலாளர் திருத்திய தாளோடு, கடிகாரத்தின் மூலப்பதிவும் வேண்டும். அவருடையது மட்டுமல்ல, அதே ஷிப்டில் அதே வேலை பார்த்த எல்லோருடையதும் வேண்டும். அவரைவிட அதிகம் தாமதித்த வேறொருவர் இன்னும் வேலையில் இருந்தால், தாமதம் வெறும் சாக்கு என்ற வாதம் அங்கே பிறக்கும். பதிவு உங்களுக்கு எதிராக இருந்தாலும் அதை வைத்தே ஆக வேண்டும். காலைக் குமட்டலால்தான் தாமதம் என்று அவர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்றும் பாருங்கள். 2023 ஜூனில் அமலுக்கு வந்த கர்ப்பிணித் தொழிலாளர் சட்டப்படி நேரச் சலுகை தரவேண்டிய கடமை உங்களுக்கு இருந்திருக்கலாம். அப்படியானால் தாமதக் கணக்கே உங்களைத் திருப்பி அடிக்கும்.

ஆணையம் உங்கள் விளக்கத்தை எழுத்தில் கேட்கும். வழக்கமாக 30 நாள் அவகாசம். பணிநீக்கக் கடிதம், வேலையின்மை உதவித்தொகை அலுவலகத்துக்கு அனுப்பிய பதில், இந்த விளக்கம் மூன்றிலும் ஒரே காரணம் இருக்க வேண்டும். ஒன்றில் தாமதம், இன்னொன்றில் ஆட்குறைப்பு என்றிருந்தால் உண்மைக் காரணத்தை மறைக்கிறீர்கள் என்றுதான் படும். ஆணையம் இலவச சமரசப் பேச்சுக்கு அழைத்தால் வழக்கறிஞரிடம் கேட்காமல் மறுக்காதீர்கள்.

வேலைவாய்ப்பு வழக்குகளுக்கான காப்பீடு எடுத்திருந்தால் புகார் நகலை இப்போதே நிறுவனத்துக்கு அனுப்புங்கள். தாமதமாகச் சொன்னார்கள் என்று கூறியே இழப்பீட்டை மறுப்பது உண்டு.